சித்தியின் பத்தியம்

சித்தியைக் குணப்படுத்தியது நான்தான் என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. கே.கே. நகரில் எங்கள் வீடு. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. கரூரில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு மாசி மாதம் சித்தப்பா அவளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார்.

"தூங்க மாட்டேங்குறா, சாப்பிட மாட்டேங்குறா. சரி பண்ணி அனுப்புங்க" என்று அப்பாவிடம் சொன்னார். ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது. காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். பிறகுதான் யாரோ சொல்லி, ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் இருந்த ஓர் ஆயுர்வேத வைத்தியரிடம் போனோம். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாடி பார்த்தார்.

"வாதமும் பித்தமும் கலந்த தேகம் இவளுக்கு. உஷ்ணத்தைத் தணிக்கறேன்னு ஜில்லுனு கொடுத்தா வாதம் கெளம்பிடும். வாதத்துக்குன்னு சூடாக் கொடுத்தா பித்தம் ஏறும். ரெண்டுக்கும் பொதுவாப் போகணும். நேரத்துக்கு ஆகாரம், நேரத்துக்குத் தூக்கம். பாதி மருந்து அதுதான்" என்றார்.

பாசிப்பருப்பும் நெய்யும், புடலங்காய், பூசணிக்காய், ராத்திரி வெதுவெதுப்பாகப் பால். புளி, பச்சை மிளகாய், புளித்த தயிர், காபி எதுவும் ஆகாது. விடிவதற்குள் எழுந்திருக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் நல்லெண்ணெய்க் குளியல். பகலில் கண் அயரக்கூடாது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள் அம்மா. அவள் வேலைக்குப் போகிறவள். கோடை விடுமுறை தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டு, "நீதான் சித்தியைப் பாத்துக்கணும்" என்றாள்.

வகுப்பில் லீடராக வேண்டும் என்று ஏங்கி ஆகாமல் போனவள் நான். சிவப்புப் பேனாவோடு கிளம்பிவிட்டேன். சாப்பிட்டால் ஒரு டிக், குளித்தால் ஒரு டிக். மத்தியானம் சித்தி கண் சொக்கினால் உலுக்கி எழுப்புவேன். அவள் ஒருநாளும் கோபித்ததில்லை.

எண்ணெய் தேய்க்கும்போது அவள் தோளிலும் மேல்கையிலும் கறுத்துப்போன தழும்புகளைப் பார்த்தேன். சில பழசு, சில கொஞ்சம் பழசு.

"இது பித்தமா, வாதமா சித்தி?"

"ரெண்டும் கலந்ததுடி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் பத்தியத்தை மீறுகிறாள் என்பதை ஒரு வாரத்திலேயே கண்டுபிடித்தேன். வெறும் வயிற்றில் கடுங்காபி. மொட்டை மாடியில் மிளகாய்ப்பொடி தொட்டு மாங்காய். ஆசையாகத் தின்றாள் என்றும் சொல்ல முடியாது. கண்ணில் நீர் வழிய வழிய, மருந்தை விழுங்குகிற மாதிரி விழுங்குவாள். ஒருநாள் வைத்தியரிடம் போகிற வழியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான்கு மிளகாய் பஜ்ஜி வாங்கி நின்றவாக்கிலேயே தின்றாள். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று என் கன்னத்தைத் தொட்டாள். விரலெல்லாம் எண்ணெய்.

சொல்லிவிட்டேன். சித்தி செத்துப்போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

அம்மா அன்றைக்கு அழுதுவிட்டாள். "உனக்கு உடம்பு சரியாகணும்னு எண்ணமே இல்லையாடி? உன் வீட்டுக்காரர் வாராவாரம் போன் பண்றார். நான் என்ன பதில் சொல்றது?"

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு நான் அவளைவிட்டு நகரவே இல்லை. காபிப்பொடி டப்பாவை ஒளித்துவைத்தேன். மாடிக் கதவுச் சாவி என் பாவாடை முடிச்சில் இருந்தது. எதிரே உட்கார்ந்து அவள் கடைசிக் கவளம் வரை சாப்பிடுவதைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் சித்தியின் கன்னம் பூசினாற்போல் ஆனது. இரவில் குறட்டைகூட விட்டாள். ஒருநாள் துணி காயப்போடும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். நான் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஆனி மாதம் வைத்தியர் நாடி பார்த்துச் சிரித்தார். "பேஷ். தேகம் நன்னாத் தேறிடுத்து. ஆத்துக்காரரை வரச் சொல்லுங்கோ."

நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். சித்தி மட்டும், "ஐயா, இன்னும் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

"குணமானவளுக்கு எதுக்கும்மா மருந்து?"

"இல்லீங்க. ராத்திரியில இன்னும் படபடன்னு வருது."

"அதெல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா சித்தியின் கையைப் பிடித்து எழுப்பினாள். சித்தி உடனே எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அப்பாவிடம்தான் பேசினார், எங்களிடம் சிரித்தார். பஸ் ஏற்றிவிட எல்லோரும் போனோம். ஏறுவதற்கு முன் சித்தி குனிந்து என் தலையைத் தடவி, "என்னை நல்லாப் பாத்துக்கிட்டேடி" என்றாள்.

அம்மாவுக்கு அப்போது எவ்வளவு தெரிந்திருந்தது என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் என்னிடம் என்ன திருப்பிக் கேட்பாளோ என்று பயம். அதன்பிறகு சித்தி எங்கள் வீட்டில் வந்து தங்கவில்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்ததோடு சரி, அதிலும் முழுக்கை ரவிக்கையோடு, சித்தப்பாவின் பக்கத்திலேயே.

பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கு ஜன்னலோரம்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியது. நான் கூடவே ஓடி ஓடிக் கையாட்டினேன். அவள் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு செய்தேனே, ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்னவாம் என்று கோபம் வந்தது எனக்கு.