ஏரிக்கரையில் விட்ட டிராம்

கல்கத்தாவுக்குள்ளேயே இருந்தாலும் எங்கள் ஏரிக்கரை தனியாக ஒரு சின்னக் கல்லூரி ஊர். தொண்ணூறுகளில் பரீட்சை வந்தால் பெஞ்சுக்கு ஒருவராகப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்போம். படிக்கத்தான் முடியாது. காலையில் நடக்க வரும் காக்குமார்கள், அதாவது அக்கம்பக்கத்து வங்காள மாமாக்கள், என்ன பாடம் என்று கேட்டு நின்றுவிடுவார்கள். எந்தப் பாடமானாலும் அவர்களுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு.

அதனால்தான் என் பொருளாதாரப் புத்தகத்துக்கு, லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை சுற்றித் தந்த தமிழ்ப் பேப்பரில் அட்டை போட்டேன். ஒரு காக்கு அதையும் விடவில்லை. என்ன செய்தி என்று கேட்டார். எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதைச் சொல்ல வெட்கம். “மெட்ராஸில் டிராம் விடப் போகிறார்களாம்” என்று அடித்துவிட்டேன்.

இந்தியாவிலேயே டிராம் ஓடுவது கல்கத்தாவில் மட்டும்தான். அவர் முகம் சிவந்துவிட்டது. டிராம் ஓட ஒரு ஊருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். மறுநாள் இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்தார். அதில் ஒருவர் மெட்ராஸ் கட்சி. வாரம் பூராவும் என் பெஞ்சில்தான் சண்டை. எனக்கு உட்கார இடமில்லை.

பரீட்சை முடிந்ததும் அட்டையை அம்மாவிடம் காட்டினேன். மூலத்துக்கு லேகியமாம். ஒரு மண்டலம் சாப்பிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாமாம்.