எதிராளி வராத விசாரணை

இணையத்தில் வியாபாரம் நடத்தும் பெரிய கம்பெனிகள் சிறிய வியாபாரிகளை நசுக்காமல் இருக்க என்ன சட்டம் வேண்டும் என்பதுதான் என் பாடம். கொழும்பில் தலை நரைக்கும்வரை அதைப் படிப்பித்தேன். அரசாங்கக் குழுக்களில் அங்கத்தவனாக இருந்து சட்ட வரைவுகள் எழுதினேன். அமைச்சர் மாறினால் குழு கலையும். புதுக் குழு முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். எல்லாக் குழுவிலும் தேநீரோடு தின்னத் தரும் பற்றிஸ் மட்டும் நேரத்துக்கு வந்தது.

சாய்ந்தமருதில் இருக்கும் என் தங்கையின் கணவர், கல்முனை பஸாரிலிருந்த அபாயாக் கடையை மூடிவிட்டு ஓர் இணையச் சந்தையில் விற்கத் தொடங்கினார். வீட்டில் நாலு பெண்கள் தைத்தார்கள். நன்றாகத்தான் போனது. எது ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி, அதே மாதிரியைத் தானே தைப்பித்து, விலையைக் குறைத்து முன்னுக்குப் போட்டது. மச்சானின் அபாயா தேடினாலும் அகப்படாத இடத்துக்குப் போனது. தையல் மெஷின்கள் நின்றுவிட்டன.

எங்கள் ஊரில் பிணக்கு என்றால் முதலில் பள்ளிவாசலுக்குத்தான் போவோம். நிர்வாக சபை இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிக்கும். மச்சானும் அங்கேதான் முறையிட்டார். சபைத் தலைவரான ஹாஜியார் கம்பெனியின் இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார். ஒன்றை அமுக்குங்கள், இரண்டை அமுக்குங்கள் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்ததாம். கடைசியில் விஷயம் தெரிந்தவன் என்று என்னை வரச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஊரில் யாரும் அதுவரை என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கூடினோம்.

"அவங்க ஏன் தம்பி இப்படிச் செய்றாங்க?" என்று ஹாஜியார் கேட்டார்.

விளக்கினேன். சந்தை அவர்களுடையது, யாரை முன்னுக்கு வைப்பதென்பது அவர்கள் விருப்பம். சேரும்போதே மச்சான் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டார். விலை குறைந்தால் வாங்குகிறவருக்கு லாபம்தானே என்பார்கள். இருக்கிற சட்டம் இதற்கு எட்டாது. வகுப்பில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

ஹாஜியார் பொறுமையாகக் கேட்டு முடித்தார். "ஓம் தம்பி, அவங்கட பக்கத்த வடிவாச் சொல்லிப்போட்டீங்க. இனி உங்கட மச்சான்ட பக்கத்தக் கதைங்க."

மனதுக்குள் சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கம்பெனி செய்தது அநியாயம் என்று சொல்லலாம்; அதைச் சொல்லத்தான் மச்சானே அங்கு வந்திருந்தார். என் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சான்தான் எழும்பினார்.

"விடுங்க ஹாஜியார்," என்றார். "எனக்கொரு பக்கம் இருந்தா அவர் சொல்லாமலா இருப்பார்?"