எஸ்தர் என் பேரைச் சொல்லவில்லை

பச்சை ஏலக்காய் ஈரத்தோடு கிடந்து புழுங்கினால் ஒரு நாற்றம் வரும்... பாயசத்தில் மணக்கிற அதே காய்தான். அன்றைக்கு மூக்கில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் நானும் எஸ்தரும் வேலை பார்த்தோம். விறகு அடுப்பை எடுத்துவிட்டு கரண்டு டிரையர் வைத்திருந்தார்கள். சூடு, காற்று எல்லாவற்றையும் சுவரில் மாட்டிய ஒரு பெட்டிதான் பார்த்துக்கொள்ளும். பெட்டிக்குப் பொறுப்பு எஸ்தர். முழங்கால் தேய்ந்தவள். சரிவில் ஏறிக் காயெடுக்க முடியாது. ஸ்டோர் வேலை போனால் அவளுக்குப் பிழைப்பில்லை.

ஆயுத பூஜைக்குப் பெட்டியை அணைத்துத் துடைத்தது நான். செருகியிருந்த பென் டிரைவைக் கழற்றி, அந்த ஓட்டையிலும் ஈரச் சந்தனத்தை அப்பினேன்.

"ஏ பேச்சி, அதுக்குமா பொட்டு? விட்டா எனக்கும் வச்சிருவ போல," என்று எஸ்தர் சிரித்தாள்.

"நீ வேதக்காரி, தப்பிச்ச போ."

பென் டிரைவைத் திரும்பச் செருகிவிட்டுப் பொரி தின்னப் போனேன்.

மறுநாள் காய் கழுவித் தட்டுகளில் பரப்பியதும் எஸ்தர் சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. காற்றாடி சுற்றவில்லை. அணைத்தாள், போட்டாள், அணைத்தாள்...

வெளியே துலாமழை, ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. கட்டப்பனை மெக்கானிக் வந்து சேர அடுத்த நாள் மத்தியானம் ஆனது. அதற்குள் காயெல்லாம் பச்சை போய்ப் பழுப்படித்துவிட்டது.

"சேச்சி, இதுக்குள்ள பூட்லோடர்னு ஒண்ணு உண்டு. சுவிட்ச் போட்டா அதுதான் முதல்ல முழிக்கும். முழிச்சதும் பென் டிரைவைத் தேடும். கிடைச்சாத்தான் மத்ததெல்லாம் எழும்பும். இப்ப பென் டிரைவ் இருக்கறதே அதுக்குத் தெரியல," என்றார்.

அதைத் தன் லேப்டாப்பில் செருகினார். அங்கே தெரிந்தது. அதிலிருந்த புரோகிராமை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். வேறு பென் டிரைவ் போட்டார், இன்னொன்றும் போட்டார். பெட்டி அசையவில்லை. கடைசியில் டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்து, ஊக்கால் சுரண்டினார். மஞ்சளாக உதிர்ந்தது. சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுற்றியது.

"சந்தனம் வச்சது யாரு?" என்று கேட்டான் சூப்பர்வைசர்.

பூஜையன்று கூட இருந்த மற்ற ஆட்கள் தரையைப் பார்த்து நின்றார்கள், நான் ஒரு தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன்.

"பொறுப்பு நீதான எஸ்தரு?"

"நான் எதுக்கு சார் சந்தனம் வைக்கப்போறேன்?"

"வைக்கலன்னா, பாத்துத் தொடைச்சிருக்கணும்ல. கண்ணு எங்க போச்சு?"

எஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு தடவைதான். என் வீட்டுக்காரர் அப்போது படுத்த படுக்கை. எனக்கு வேலை போனால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வீடும் போகும், அது அவளுக்குத் தெரியும். நான் தட்டைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

"கவனிக்கல சார், தப்புதான்," என்றாள்.

அடுத்த வாரமே அவளைக் காயெடுக்க மலைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் மாதம் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. கீழே கம்பம் ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனவள், பிறகு நடக்கவில்லை.

அந்த சூப்பர்வைசர் செத்தபோது நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சும்மா நின்ற மற்றவர்களோடு இன்றைக்கும் பேச்சு கிடையாது. உண்மையைச் சொன்னால் எஸ்தர்மேலும் கோபம்தான்... என் பேரைச் சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு இந்தப் பாரம் இருந்திருக்காது.

இப்போது அங்கே புதுப் பெட்டி. ஓட்டையே கிடையாது. போனிலிருந்தே எல்லாவற்றையும் ஏற்றுகிறார்களாம். என்ன பழுது என்று பெட்டியே சொல்லிவிடுகிறதாம். யாரையும் வரிசையில் நிறுத்திக் கேட்க வேண்டியதில்லை.

போன மாதம் கம்பத்துக்குப் போய் அவளைப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தாள். மலையில் மழை எப்படி என்று கேட்டாள். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"அன்னைக்கு ஏன் எஸ்தரு என் பேரைச் சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன் பேச்சி."

பிறகு மருமகளைக் கூப்பிட்டு, எனக்குக் காப்பி போடச் சொன்னாள். வாங்கிக் குடித்தேன்.