வருந்துவோர் பட்டியல்

குன்னூரில் யாராவது இறந்தால் டாக்டருக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையைவிட எனக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். இந்த மலையில் பிளெக்ஸுக்குத் தடை, அழுகையெல்லாம் காகிதத்தில். அடுத்தவர் துக்கத்தை அச்சடித்து அச்சடித்து எனக்கு மனசு காய்த்துப்போய்விட்டது என்பாள் என் மனைவி. அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ராணியம்மா இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. தொண்ணூற்று மூன்று வயது. வடக்கே ஒரு சமஸ்தானத்து மருமகள். கோடைக்கு வந்துபோகக் கட்டிய மாளிகைக்கு, கணவர் போன பிறகு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. ராஜ்யமும் பட்டமும் போய் எத்தனையோ காலமாகியும் ஊருக்கு அவர் ராணியம்மாதான்.

பத்து மணிக்குள் கடை நிரம்பிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் ஒரு போஸ்டர், மார்க்கெட் வியாபாரிகள் ஒரு போஸ்டர். அருவங்காடு பேக்டரியில் ரிட்டயரான ஒருவர் பதினாறு வரிக் கவிதையோடு வந்தார். அதில் நான்கு இடங்களில் கண்ணீர் கடலாகியிருந்தது. ஒரு வார்டுப் பிரமுகருக்கு அவருடைய படம் ராணியம்மா படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வேண்டும். "கொஞ்சம்தானுங்க" என்றார். பக்கத்து டீக்கடையில் ஒருவர், "இந்தக் காலத்துல என்னங்க ராணி? எங்கப்பன் செத்தப்ப நாலு பேரு வரல" என்று சத்தமாகவே சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. வெலிங்டனில் பென்ஷன் வாங்கும் ஒரு சுபேதார் எதுவும் கேட்கவில்லை. மேஜைமேல் கிடந்த ராணியம்மா படத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ராஜா ராணி என்றாலே எனக்கு எரிச்சல். எஸ்டேட்டில் துரை எதிரே வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அப்பா. அதனால் ராணியம்மா முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கை மட்டும், கல்யாணப் பத்திரிகைக்காரர்களை நிறுத்திவிட்டு அவரைக் கவனிக்கப் போனது. பழக்கதோஷம். "அவங்க முன்னாடி வந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

அவருடைய மாளிகைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் இறந்திருந்தார். அவருக்குப் போஸ்டர் வேண்டுமாம். பெயருக்குக் கீழே 'தோட்டக்காரர்' என்று அடித்தேன். "அதை எடுங்கள். செத்த பிறகு என்ன வேலை?" என்றார். வயது அறுபத்திரண்டு என்று போட்டிருந்தேன். "அறுபத்து நாலு. அந்த ரெண்டு வருஷம் அவர் சும்மாவா வாழ்ந்தார்?" என்றார். வருந்துவோர் பட்டியலில் மேதகு ராணி என்று அவரைக் கொட்டை எழுத்தில் மேலே வைத்திருந்தேன். பட்டத்தை எடுக்கச் சொல்லி, அகர வரிசையில் பெயரைக் கீழே இறக்கினார். டிரைவருக்கும் பால்காரருக்கும் நடுவில் போய் நின்றது அந்தப் பெயர்.

அதன் பிறகு அந்த மாளிகையிலும், அதை ஒட்டிய தொழிலாளர் லயங்களிலும் யார் இறந்தாலும் வருவார். போஸ்டர் ஒட்ட நாதியில்லாதவர்கள் என்று நாம் நினைக்கும் ஆட்கள் எல்லாருக்கும் ஒட்டினார். ஒவ்வொன்றிலும் கீழே, ஏதோ ஒரு வரியில், பட்டமில்லாமல் அவர் பெயர். நான் யாரையும் சுலபத்தில் மெச்சுகிற ஆள் இல்லை. அவரை மெச்சினேன்.

ராணியம்மா இறந்த அன்று மதியம், குடும்பத்தின் சார்பில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். அவர் கேட்ட போஸ்டரில், ராணியம்மா இருபது வயதில் முத்துமாலையோடு எடுத்த படம், இரண்டு வரிக்குப் பட்டங்கள், கீழே வாரிசுகளின் பெயர்கள்.

"இத தவிர மாளிகை சார்புல வேற எதுவும் அடிக்காதீங்க. வேலக்காரங்க யாராவது வந்து நிப்பாங்க" என்றார். "அந்த இடம் ஓட்டலாகப் போகுது. மெனு கார்டுல இருந்து எல்லாமே உங்களுக்குத்தான்."

சரிங்க என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

ஐந்து மணிக்கு மாளிகையில் சமையல் பார்க்கும் அக்கா வந்தார். சிறு பிள்ளையாக அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். நாற்பது வருஷம் ராணியம்மாவோடு இருந்தவர். கையில் நோட்டுத் தாள். அதில் பத்தொன்பது பெயர்கள், அகர வரிசைப்படி.

"அவங்க எங்க எல்லாருக்கும் போட்டாங்கதானே. நாங்க அவங்களுக்குப் போடணும், தம்பி."

மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. தாளை நாலாக மடித்தார்.

"சரி தம்பி. மேட்டுப்பாளையத்துல அடிச்சிக்கிறோம். கடைசி பஸ்ஸுக்குள்ள வந்துருவோம்."

படியிறங்கும்போது முழங்கால் வலியில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது.

"அக்கா, வாங்க. அடிச்சுத் தர்றேன்."

அக்காவின் போனில் இருந்த ராணியம்மா படத்தையே போட்டோம்: குல்லாவும் சாயம்போன ஸ்வெட்டருமாக, ஏதோ சொல்லிச் சிரிக்கிற படம். பெயர், வயது, கீழே பத்தொன்பது பேர். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசியில் விரல் நின்றது.

"அச்சகம் பேரு எங்க தம்பி? அடியில எப்பவும் இருக்குமே."

நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். மேனேஜர் கண்ணில் பட்டால் ஓட்டல் வேலை போய்விடும். மறைக்கத் தோன்றவில்லை, அதையே சொன்னேன்.

அக்கா என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்க்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"அவங்களுக்கு அழுவுறதுக்கு எதுக்கு தம்பி ஒளிஞ்சிக்கணும்?"

அச்சகத்தின் பெயரை அடியில் சேர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விரல்கள் மேலே பட்டியலுக்குப் போயின. என் பெயர் எந்த இடத்தில் வருமோ அங்கே நிறுத்தி, அடித்தேன். கண்ணில் நீர் நிறைந்து திரை மங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் வாடிக்கையாளர்கள் அழுதிருக்கிறார்கள், நான் அழுததில்லை. அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டியல் இருபதானது.

புதன்கிழமை விடிந்ததும் மாளிகையின் இரும்புக் கேட்டிலிருந்து மார்க்கெட் வரைக்கும் அவர்களே ஒட்டினார்கள். குடும்பத்தின் போஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்கள். சனங்கள் முத்துமாலைப் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குல்லாப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள். தெரிந்த பெயர் இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது.

ஒன்பது மணிக்கு மேனேஜர் கடைக்கு வந்தார். கையில் பாதி கிழிந்த போஸ்டர். அடியில் இருந்த அச்சகத்தின் பெயரை அவர் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும். அதைப் பற்றிக் கேட்கவில்லை. பட்டியலில் ஒரு பெயர்மேல் பேனாவை வைத்தார்.

"மத்தவங்கெல்லாம் மாளிகை ரிஜிஸ்டர்ல இருக்காங்க. இந்தாள் யாரு? அம்மாவுக்கு என்ன வேணும்?"

"அது நான்தானுங்க" என்றேன். "ஒறவு ஒண்ணும் இல்லீங்க. அவங்க போனது எனக்குத் தாங்கல."