மாத்திரை எங்கே போனது?

கொரோனா ஓய்ந்து, கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் மறுபடியும் எல்லா ஷிப்டும் ஓட ஆரம்பித்திருந்த சமயம். எங்கள் ஊர் வடகரப்பதிப் பக்கம். கேரளாவின் பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டில் தமிழ்தான் பேசுவோம். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். கணவர் வேறொரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மகள் அப்போது சின்னக் குழந்தை. பகலில் மாமியார் பார்த்துக்கொள்வார்.

மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் ரொம்பக் குறைந்துபோய், ரத்தம் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். உடம்பு தேறாமல் அடுத்த குழந்தை கூடவே கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். எனக்கு மாதவிடாயும் ஒழுங்காக வராது. சில மாதங்கள் வரவே வராது. வந்தால் நிற்காது. இரண்டுக்கும் சேர்த்துக் கர்ப்பத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் போட்டுவிடுவேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு வருடக்கணக்காக வயிறு சரியில்லை. சாப்பிட்டால் உப்பிக்கொள்ளும், அடிக்கடி வயிற்றுப்போக்கு. வேலை நேரத்தில் திரும்பத் திரும்ப பாத்ரூமுக்குப் போனால் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் காலையில் பட்டினியாகவே பஸ் ஏறிவிடுவேன். என் வயிறே இப்படித்தான் என்று பழகிவிட்டிருந்தது. மாதவிடாய்க்கு மருந்து வாங்கப் போகிற இடத்தில் வயிற்றுப்போக்கைப் பற்றி யார் பேசுவார்கள்?

மாமியார் அதிகம் பேசாதவர். ஆனால் என் வெளுத்த முகத்தைப் பார்த்து அவருக்கு ஒரே கவலை. "வெறுஞ்சோத்தத் தின்னா ரத்தம் எங்க ஊறும் அம்மிணி?" என்று ராத்திரிக்குச் சப்பாத்தி போடுவார். லீவு நாளில் கோதுமைக் கஞ்சி காய்ச்சி, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே ரத்தம் படும். பிறகு அதுவும் நின்றது. எப்போதும் வருகிற கோளாறுதான் என்று நினைத்தேன். குமட்டல் ஆரம்பித்த பிறகுதான் டெஸ்ட் செய்து பார்த்தேன். இரண்டு கோடு.

பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மாத்திரையை நடுவில் மறந்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். இல்லை என்றேன். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன் புள்ள, இன்னொண்ணு வேணும்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல. எதுக்கு ஒளிக்கோணும்?"

நான் வேண்டுமென்றே மாத்திரையை நிறுத்திவிட்டதாக நினைத்திருக்கிறார். பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவர் பட்ட பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயம்தான் அப்படிக் கேட்க வைத்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. என்னைப் பொய்க்காரி என்று சொன்னதாகத்தான் பட்டது. அதன் பிறகு இரண்டு பேரும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டோம்.

அந்தக் கர்ப்பம் தங்கவில்லை. ஒரு நாள் வேலையில் நின்றுகொண்டிருக்கும்போதே இடுப்பு விட்டுப்போவது போல வலித்தது. பாத்ரூமுக்குள் போனேன். தரையெல்லாம் ரத்தம். கூட வேலை பார்த்த பெண்கள்தான் தூக்கிக்கொண்டு பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேண்டாம் என்று பயந்த குழந்தைதான். ஆனாலும் போய்விட்டது என்று சொன்னபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் ஒரு பெண் டாக்டர் வார்டுக்கு வந்தார். நடுத்தர வயது, மலையாளி. எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார். கணவரும் மாமியாரும் கட்டிலருகே நின்றிருந்தார்கள். இவ்வளவு ரத்தக் குறைவில் எப்படிக் கர்ப்பமானது என்று டாக்டர் கேட்க, கணவர் பதில் சொன்னார்.

"மாத்திர எழுதிக் குடுத்திருந்தாங்க டாக்டர். நடுவுல உட்டுட்டா போல இருக்குதுங்க."

"உடலைங்க" என்றேன்.

அப்போது மாமியார் முன்னால் வந்தார். மகன் பேசும்போது குறுக்கே பேசி நான் பார்த்ததே இல்லை.

"அவ உடலைங்க டாக்டர். தெனமும் சாப்புட்டு எந்திரிச்சதும் அந்த மாத்திரைய முழுங்கறத நா பாத்துட்டுத்தான இருக்கறன்."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "செரி. மருந்து முடங்காம கழிச்சிட்டுண்டு, ஒரு நாளும் விடலை. நான் நம்பறேன். அப்ப அந்த மருந்தெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் என் நகங்களையும் கண்களையும் பார்த்தார். பிறகு, "வயிறு எப்படி? லூசாப் போகுமோ?" என்றார்.

அத்தனை வருடங்களில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பட்டினியாகப் பஸ் ஏறுவது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் இது தெரியாது.

சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது, சிலருக்குக் கோதுமையில் உள்ள ஒரு புரதம் குடலின் உள்பக்கத்தை அரித்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். சாப்பாட்டில் உள்ள சத்து உடம்பில் ஒட்டாது, ரத்தம் ஊறாது, மாதவிடாய் தடுமாறும், சிலருக்குக் கரு தங்காது. குடல் அப்படிக் கிடந்து வயிற்றுப்போக்கும் இருந்தால் வாய்வழியாகப் போடும் மாத்திரை உடம்பில் சேராமலே போக வாய்ப்புண்டாம். "இதுதான் காரணம்னு உறப்பாச் சொல்ல முடியாது கேட்டோ. ஆனா பரிசோதிக்கணும்" என்றார்.

ரத்தப் பரிசோதனை சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. அடுத்து எண்டோஸ்கோப்பி செய்து, குடலில் இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் தெரியாமல் போய்விடும் என்றார்கள். அந்த நாட்களை என்னால் மறக்க முடியாது. மாமியார் எனக்குத் தினமும் சப்பாத்தி சுட்டுத்தர வேண்டியிருந்தது. தட்டில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நிற்பார். ஒரு நாள், "நானேதான் உனக்கு இதப் போட்டுப் போட்டுக் குடுத்தனா கண்ணு?" என்று கேட்டு அழுதுவிட்டார். "தெரிஞ்சா குடுத்தீங்க அத்தை?" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

நோய் அதுதான் என்று முடிவானது. இனி ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது. குடல் ஆறும்வரை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, கர்ப்பத்தடைக்கு வேறு வழி யோசிக்கலாம் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டே, "அது வரைக்கும் அவ ஒண்ணும் எடுத்துக்க வேண்டாமுங்க டாக்டர். தடுப்பு வேண்டியத நா பாத்துக்கறனுங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அன்னிக்கு உன்னைய அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். நான் ம்ம் என்றேன்.

கோதுமையை விடுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. கடையில் வாங்கும் பெருங்காயத்தில்கூட மாவு கலந்திருக்கிறது என்று தெரிந்து மாமியார் அதையும் நிறுத்தினார். ராகியும் சோளமும் அரிசியுமாகச் சமையல் மாறியது. கல்யாண வீடுகளில், ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று வற்புறுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போகும். ஆனால் மெல்ல மெல்ல வயிறு அடங்கியது. முகத்தில் ரத்தம் தெரிந்தது. ஒரு வருடம் கழிந்தபோது, என் வாழ்க்கையில் முதல் தடவையாக மாதவிடாய் மாதாமாதம் வர ஆரம்பித்தது.

போன கரு இந்த நோயால்தான் போனதா, மாத்திரை பலிக்காததற்கு இதுதான் காரணமா என்று இன்றுவரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் துக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அன்று அந்த வார்டில் இரண்டு பெண்கள் என் சொல்லை நம்பியிருக்காவிட்டால், நான் உண்மையிலேயே மறந்துதான் போனேனோ என்று என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு, அதே சப்பாத்தியைத் தின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோயிருப்பேன்.