கண்ணாடிக்குள் என் பாவாடைத் துணி

மியூசியத்தில் என்னுடைய துணி ஒன்று இருக்கிறது என்று சொன்னால் எங்கள் சாலின் வரிசை வீடுகளில் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். தாராவியில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருக்கிறது?

செம்பூரில் ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளம்தான் அந்த மியூசியம். ராஜா வாளோ சாமி சிலையோ அங்கே கிடையாது. சண்டையில் அடிபட்டுக் கிடந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் எப்படி வைத்தியம் பார்த்தார்கள் என்று காட்டுகிற சாமான்கள்தான் எல்லாம். பர்மா சண்டையின்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த ஒரு அம்மா அதை நடத்தினார். வடக்கத்திக்காரர். ஆனால் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சிப்பாய்களுக்கு மருந்து கட்டிக் கட்டிக் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். "வலிக்குதா", "தண்ணி வேணுமா", "கண்ண மூடாத". அவ்வளவுதான் அவருடைய தமிழ். மற்றதெல்லாம் இந்தி.

என் அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நிற்க வேண்டும். முழங்கால் வரை வெந்து, உரிந்து, மறுபடி தோல் மூடுவதற்குள் மறுபடி இறங்குவார். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பை தைப்பார். தைத்த பையைத் துடைத்துக் கறை எடுப்பது என் பொறுப்பு. கறையோடு போகிற பையைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் துடைத்த பை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதை இப்போது சொல்லும்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மழைக்காலத்தில் மியூசியத்துத் தோல் சாமான்களெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டன என்று அப்பாவுக்கு ஆள் வந்தது. ஒரு நாள் வந்து எண்ணெய் போட்டுக் கொடுக்க வேண்டும், வேலை பிடித்திருந்தால் சாமான்களைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாகவே வைத்துக்கொள்வார்களாம். அம்மா அப்பாவுக்குத் துவைத்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"இது மட்டும் அமைஞ்சிட்டா ஒங்க காலு தப்பிச்சிரும். அங்க போயி வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரிங்க" என்றாள். அப்பா பேசாதவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதது நான்தான் என்பதை அவள் மறந்துவிட்டு, என்னையும் கூட அனுப்பினாள்.

அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. தண்டியான கண்ணாடி ஊசிகள், மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை டப்பாக்கள், மடக்கித் தூக்கும் கட்டில். சுவரில் ஒரு ரம்பம் தொங்கியது.

"எப்பா, இத வச்சி என்னத்த அறுப்பாவ?"

"கால."

"ஆட்டுக் காலா?"

"மனுசன் காலுட்டி."

"பொறவு அவன் எப்படி நடப்பான்?"

அப்பா மூலையைக் காட்டினார். அங்கே தோல் பட்டை வைத்த மரக்கால் ஒன்று, ஆளில்லாமல் தனியாக நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து அதன் பாதத்தைப் பார்த்தேன். அதற்கும் விரல் செதுக்கியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். செதுக்கவில்லை.

மேஜைமேல் ஒரு தோள்பை இருந்தது. காயத்துக்குக் கட்டும் துணிகளைச் சண்டைக்குள் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் மாட்டியிருந்த பை என்று அந்த அம்மா இந்தியில் சொன்னார். அதன் வாருக்கு மட்டும் எண்ணெய் போடச் சொல்லிவிட்டு, பின்பக்கம் இருந்த சாமான்களைக் காட்ட அப்பாவை அழைத்துக்கொண்டு போனார்.

"ஏட்டி, இங்கனயே இரி. ஒண்ணையும் தொடப்பிடாது, கேட்டியா?" என்றார் அப்பா.

இருந்தேன். எவ்வளவு நேரம்தான் இருப்பது? பையின் மூடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஒரு கறை. அதன் பக்கத்தில் நூலில் கட்டிய ஓர் அட்டை, அதில் இங்கிலீஷ் எழுத்து. எங்கள் பைகளில் அப்படி அட்டை கட்டினால் கடைக்குப் போகப்போகிறது என்று அர்த்தம். இந்தக் கறையோடு இது கடைக்குப் போனால் திரும்பி வந்துவிடும். அப்பாவின் வேலையும் போய்விடும். எனக்குக் கணக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தது.

அப்பாவின் பையில் சோப்புத் துண்டு இருந்தது, துடைப்பதற்கு என் பழைய மஞ்சள் பாவாடையைக் கிழித்த துணி இருந்தது. எச்சில் தொட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். லேசில் வருகிற கறை இல்லை அது. விரல் நுனி எரிய எரியத் தேய்த்தேன். துணி கருஞ்சிவப்பாக ஊறியது. கடைசியில் மூடியில் நிழல் மாதிரிதான் மிச்சம் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் பையைத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா பையைப் பார்த்தார், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"மைனே கியா, மேம்சாப்" என்றார். நான்தான் செய்தேன் என்கிறார்!

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அப்பாவே இப்படி அடுத்தவள் உழைப்பைத் தன்னுடையது என்பாரா?

"பொய்யி! அப்பா தொடவேயில்ல. நாந்தான் தொடச்சேன்!" என்று தமிழில் கத்தி, அந்த அம்மாவுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதென்று இந்தியிலும் கத்தினேன். "ஏ, சும்மா கெட" என்று அப்பா என் தோளை அழுத்தினார். மாட்டிக்கொண்டார், அதனால்தான் அடக்கப் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே குஷி.

அந்த அம்மா வாசலிலிருந்து உள்ளே வந்தார். பிறகு என் எதிரே குந்தி உட்கார்ந்து, என் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நுனியெல்லாம் சிவந்து கன்றியிருந்தது.

"வலிக்குதா?" என்றார்.

"இல்ல" என்றேன். வலித்தது.

அப்பாவிடமிருந்து அந்தத் துணியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கசக்கிப் போடவில்லை, மடித்தார். அப்பாவைத் திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது நான் அப்பாவிடம் பேசவில்லை. என்னால் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு வார்த்தை ஒப்புக்கொள்ளவில்லையே மனுசன். வீட்டில் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதுதான் முறை என்று இருந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அப்பா என்னை மறுபடி அங்கே அழைத்துப் போனார். கால் நன்றாக ஆறியிருந்தது அவருக்கு. நடுக்கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே அந்தத் தோள்பை. பக்கத்தில், பட்டுத்துணி விரித்து அதன்மேல் என் மஞ்சள் பாவாடைத் துணி, கறையோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. நன்றாகத் துடைத்தவளுக்கு இப்படியொரு மரியாதை செய்வார்களா! கீழே ஓர் அட்டை வைத்திருந்தார்கள். என் பெயராகத்தான் இருக்கும் என்று வாட்ச்மேனை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். அந்தப் பையோடு பர்மாவில் செத்துப்போன யாரோ ஓர் ஆளின் பெயர்.

"துணி என்னுது, தொடச்சது நானு. பேரு மட்டும் எவனுக்கோவா?" என்று அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, அந்தப் பெட்டியின் முன்னால் கைகட்டி நின்றார். சாமி படம் ஒன்றுகூட இல்லாத இடத்தில் இவர் ஏன் செருப்பைக் கழற்றுகிறார் என்று நான் அவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே நின்றேன்.