நாலாவது கதவு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு இஸ்திரி அக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே படுக்கை விரிப்பும் டாக்டர் கோட்டும் தேய்த்தவள். அவள் தேய்த்த கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காரவே டாக்டர்கள் யோசிப்பார்கள் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அந்தத் திமிர்தான் அன்றைக்கு அவளை மரத்தில் கைவைக்கச் சொன்னது.

விஷயம் இதுதான். அவளுடைய அக்கா எட்டு மாதத்துக்கு முன்னால் நோயில் போய்விட்டாள். அக்காவின் ஆறு வயது மகளுக்கு அப்பாவும் இல்லை. அவளை முதலில் அப்பா வழி உறவில் ஒரு வீட்டில் விட்டார்கள். அங்கே ஒத்துவரவில்லை என்று இப்போது குழந்தைகள் இல்லத்தில் இருக்கிறாள். சித்தி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பிள்ளை அங்கே எதற்கு என்று இவள் நடையாய் நடந்து மனுக் கொடுத்தாள். இல்லத்து அதிகாரியம்மா வந்து வீட்டைப் பார்த்தார். படுக்கை, குளியலறை, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் தாளில் சரி போட்டுக்கொண்டே வந்தவர், சமையலறையில் பேனாவை நிறுத்தினார். அலமாரிக் கதவுகளின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தோல், வெனீர் என்பார்களே, அது ஓரமெல்லாம் எழும்பிச் சிலும்பலாக நின்றது.

"இதைச் சரி பண்ணிடுங்க. பதினைஞ்சு நாள்ல மறுபடி வர்றேன். அன்னைக்குத்தான் முடிவு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெற்றவளை இழந்த பிள்ளைக்கும் தனக்கும் நடுவில் ஒரு அலமாரிக் கதவா வந்து நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அதை யாரிடம் காட்டுவது?

பதினைந்து நாளில் பதினான்கைத் தச்சர் தின்றுவிட்டார். காலையில் வர்றேம்மா என்பார், மாலையில் போனை எடுக்கமாட்டார். இப்படி மூன்று முறை டிமிக்கி கொடுத்தவர், நாலாவது முறை போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "பழைய பசைதான் விட்டிருக்கும். துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால சூடு காட்டினா இளகி ஒட்டிக்கும். ஆறற வரைக்கும் பலகையால அமுக்கிக்குங்க."

இஸ்திரி அக்காவிடம் போய் இதைச் சொல்லலாமா? அதிகாரியம்மா நாலு மணிக்கு வருவதாக இருந்த அந்தச் சனிக்கிழமை, காலையிலேயே பழைய விரிப்பை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். முதல் கதவு ஒட்டியது. இரண்டாவது ஒட்டியது. மூன்றாவதைத் தடவிப் பார்த்துவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஊரையே ஹாரன் அடித்து விரட்டுபவர், வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவரே வாசற்படியில் நின்று, "பரவாயில்லையே, தச்சரோட பொழைப்பில மண்ணு" என்றார்.

நாலாவது, சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவு. அதில் ஒரு இடம் மட்டும் சுருக்கம் விழுந்த துணி மாதிரி அடங்காமல் நின்றது. துணி அடங்காவிட்டால் என்ன செய்வாள்? கட்டைவிரலால் ஆவிப் பொத்தானை அழுத்துவாள். பத்தொன்பது வருடப் பழக்கம், மூளையைக் கேட்டுக்கொண்டா விரல் வேலை செய்யும்? அழுத்திவிட்டாள். புஸ்ஸென்று ஆவி மரத்துக்குள் இறங்கியது. விரிப்பை எடுத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு வெனீர் உப்பிக்கொண்டு நின்றது. கையால் அமுக்கினாள். இங்கே அமுங்கி அங்கே எழும்பியது.

மணி ஒன்று நாற்பது.

"கதவையே கழட்டி வெளியில வச்சிடலாமா?" என்றார் வீட்டுக்காரர். கழற்றப் பார்த்தார்கள். ஸ்க்ரூவெல்லாம் துருவேறித் தலை மழுங்கிக் கிடந்தது. ஏழாவது அழைப்பில் தச்சர் போனை எடுத்தார். எடுத்தவரிடம் இவள் வரிசையாக நாலு வார்த்தை கேட்டாள், அதை இங்கே எழுதுவதற்கில்லை. மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"ஈரத்தைக் காயவிடுங்க. மரத்தோட ரேகை ஓடற பக்கமாவே பிளேடால ஒரு கீறல் போட்டு உள்ள பசை ஏத்துங்க. அப்புறம் ஒன்றரை மணி நேரம் அசையாம அமுக்கணும். நடுவுல விட்டீங்க, மறுபடி உப்பிக்கும். அதுக்கப்புறம் அந்தத் தோல் தாங்காது, கிழிஞ்சிடும்."

மின்விசிறியை இழுத்து வைத்துக் கதவைக் காயவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு ஒரு யுகம். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறினாள். பழைய அழைப்பிதழ் அட்டையில் பசையைத் தொட்டு உள்ளே செலுத்தினாள், வழிந்ததைத் துடைத்தாள், மேலே பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் காய் நறுக்கும் பலகையும் வைத்தாள். எதைக்கொண்டு அமுக்குவது? நாற்காலியை முட்டுக் கொடுத்தார் வீட்டுக்காரர், வழுக்கியது. நாலு மணிக்கு அதிகாரியம்மா வருவாரே என்ற கணக்கையே அவள் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து பலகையில் முதுகைக் கொடுத்தாள். சமையலறை குறுகல், எதிர்ச்சுவரில் இரண்டு பாதத்தையும் ஊன்றி உந்தினாள். அப்போது மணி மூன்று.

நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

"வந்துட்டாங்க. எழுந்திரு" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குங்க."

"அதுக்காக? அதிகாரி நிக்கும்போது காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பியா? திமிர் பிடிச்சவன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

எழுந்தால் கதவு போச்சு. உட்கார்ந்திருந்தால் மரியாதை போச்சு. எது போனால் பிள்ளை வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் அதிகாரியம்மா கோப்பும் கையுமாகச் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"மேடம், மன்னிச்சுக்குங்க, எழுந்திருக்க முடியாது" என்றாள் அவள். பொய் சொல்ல நேரமில்லாததால் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஆவிப் பொத்தானைச் சொன்னாள், உப்பியதைச் சொன்னாள், பிளேடைச் சொன்னாள். "மூணு கதவு நல்லா வந்திருக்கு. இதை நான்தான் கெடுத்துட்டேன்."

அதிகாரியம்மா மூன்று கதவுகளின் ஓரத்தையும் நகத்தால் நெருடிப் பார்த்தார். பிறகு யாரும் எதிர்பாராமல், அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"இதை ஏன் சரி பண்ணச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாதில்ல? அழகுக்காக இல்லம்மா. அம்மா போனதுலேர்ந்து பாப்பா எங்க எது பிசிறிட்டிருந்தாலும் உரிக்கறா. கட்டில் பெயின்ட், புத்தக அட்டை, சுவரு. ரத்தம் வந்தாலும் நிறுத்தறதில்லை. முதல்ல இருந்த வீட்டில கையில உறையை மாட்டிக் கட்டிவிட்டுப் பார்த்திருக்காங்க. ஒன்பதாவது நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க." கோப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். "நீங்க எவ்வளவு நல்லா ஒட்டினாலும் இதையும் உரிப்பா. அப்ப என்ன செய்வீங்க?"

நல்ல பதிலாகச் சொல்ல வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் கேள்வியே அவள் காதில் சரியாக விழவில்லை. கையைக் கட்டினார்கள் என்பதிலேயே நின்றுவிட்டாள்.

"எந்த விரல் மேடம்?"

"என்னது?"

"ரத்தம் வருதுன்னீங்களே. எந்த விரல்ல?"

"கட்டைவிரல். ரெண்டு கையிலயும்."

"மருந்து போட்டுக்கறாளா?"

"போட்டுக் கட்டுவோம். அந்தக் கட்டையும் உரிச்சிடுவா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா போன அன்றுகூட மற்றவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னவள், ஒரு அதிகாரியின் எதிரில் காலை நீட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள்.

"உரிக்கட்டும் மேடம்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் மறுபடி ஒட்டிக்கறேன். எத்தனை தடவை உரிச்சாலும் ஒட்டிக்கறேன். கையை மட்டும் யாரும் கட்ட வேணாம்."

அதிகாரியம்மா தாளின் அடியில் ஏதோ எழுதினார், தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை காலையில கூட்டிட்டு வர்றேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டில இருங்க."

எழுந்து அதிகாரியம்மாவின் கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் இன்னும் இருபத்தைந்து நிமிஷம் பாக்கி இருந்தது. நனைந்த முகத்தோடு, பாதத்தைச் சுவரில் இன்னும் கெட்டியாக ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.